அராவினால் வளராது

கட்டைவிரலால் குதிரையைப் பின்னுக்கு இழுத்து நிறுத்தி, அதன் பிறகு விசையை அழுத்தினால்தான் வெடிக்கும் என்ற பழைய நியதிக்கு இன்றளவும் கட்டுப்பட்டு நிற்கும் சிங்கிள் ஆக்ஷன் ரிவால்வரைப் பற்றி எழுதியவர்கள், பெரும்பாலும் அதன் குதிரையைப் பற்றியும், ஆறு அறை கொண்ட உருளையைப் பற்றியும், தந்தப் பிடியைப் பற்றியும், அதை இடுப்பில் கட்டிக்கொண்டு திரிந்த மனிதர்களின் வீரத்தையும் துர்க்குணத்தையும் பற்றியுமே எழுதியிருக்கிறார்கள். குழலின் முனையில் நகத்தளவு எஃகுத் தகடாக நிற்கும் முன்குறியைப் பொருட்படுத்தி எழுதியவர்கள் மிகச் சிலரே. ஐடஹோ மாநிலத்து மலைப்பிரதேசத்தில், துப்பாக்கி செப்பனிடும் ஒரு சிறிய பட்டறையில் தொழில் கற்று, பின்னர் அதே பிரதேசத்தில் தனியே பட்டறை வைத்துக்கொண்ட எனக்கு, ஜீவனத்தின் கணிசமான பகுதியை அந்தத் தகடுதான் கொடுத்து வந்திருக்கிறது. ஆகையால் அதைப் பற்றிப் பேச எனக்குச் சிறிது பாத்தியதை உண்டு.

1873-இல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட, கனெக்டிகட் மாநிலத்து ஹார்ட்ஃபோர்டில் கோல்ட் கம்பெனி செய்த சிங்கிள் ஆக்ஷன் ஆர்மி ரிவால்வரில் குறிபார்ப்பதற்கென்று இருந்த ஏற்பாடு மிகமிகச் சாமானியமானது. உருளைக்கு மேலே செல்லும் சட்டத்தின் முதுகில் நீளவாக்கில் வெட்டிய ஒரு காடிதான் பின்குறி. குழல் முனையில் பற்றவைத்த, நெற்றி வளைந்த மெல்லிய தகடுதான் முன்குறி. இரண்டும் அசையா, இரண்டையும் திருகித் திருத்த வழியில்லை. குதிரைமேல் செல்லும் சிப்பாய், தோல் உறையிலிருந்து உருவி, கைக்கெட்டும் தூரத்தில் வரும் எதிரியைச் சுடுவதற்காக உண்டான ஆயுதம் அது. ராணுவம் கொடுப்பதும் ஒரே வகைத் தோட்டா. எனவே உடைவதற்கும் கழன்று விழுவதற்கும் ஒன்றுமில்லாத குறியே சிலாக்கியமானது என்று அதை வகுத்தவர்கள் தீர்மானித்ததில் பிழை காண்பதற்கில்லை. விவகாரம் தொடங்கியது சிப்பாயிடமிருந்து அந்தத் துப்பாக்கி சாதாரண மனிதர்களின் கைக்குப் போன பிறகுதான். அவர்கள் தமக்கு வாய்த்த தோட்டாவைப் போட்டார்கள். தமக்குப் பிடித்த தூரத்திலிருந்து சுட்டார்கள். குண்டு குறிக்கு மேலோ கீழோ போயிற்று.

கீழே போனால் பரிகாரம் சுலபம். முன்குறியின் தலையை அரத்தால் அராவிக் குறைத்தால், அதைப் பின்குறியின் காடிக்குச் சமமாகக் கொண்டுவருவதற்குச் சுடுபவன் குழலைச் சற்று உயர்த்த வேண்டியிருக்கும்; குண்டும் உயர்ந்து போகும். எவ்வளவு அராவ வேண்டும் என்பதும் பள்ளிக்கூடத்து முக்கோணக் கணக்குத்தான். இரண்டு குறிகளுக்கும் இடையிலுள்ள தூரத்தைப் பிழையின் அளவால் பெருக்கி, இலக்கின் தூரத்தால் வகுத்துவிட்டால் விடை வந்துவிடும். 5½ அங்குலக் குழலுள்ள துப்பாக்கியில் அந்த இடைத்தூரம் ஏறக்குறைய 6½ அங்குலம். 25 கெஜத்தில், அதாவது 900 அங்குலத்தில், குண்டு 4 அங்குலம் தாழ்ந்து விழுந்தால் அராவ வேண்டியது ஆயிரத்தில் 29 பங்கு அங்குலம். இரண்டு மூன்று விசிட்டிங் கார்டுகளை ஒன்றின்மேல் ஒன்று அடுக்கினால் உண்டாகும் கனம். இந்த அற்பப் பரிமாணத்தில்தான் எங்கள் தொழிலின் மானமும் அவமானமும் அடங்கியிருக்கின்றன.

ஆனால் குண்டு மேலே போனால்? முன்குறி உயர வேண்டும்; எஃகோ அராவினால் குறையுமேயன்றி வளராது. எனக்குத் தொழில் கற்பித்த பெரியவர், தகட்டில் அரம் வைக்கும் ஒவ்வொரு தடவையும் நாலு இழுப்புக்கு ஒருமுறை வேலையை நிறுத்தி, கையைத் துடைத்துக்கொண்டு, துப்பாக்கியை வெளியே எடுத்துச் சென்று சுட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஐந்தாவது இழுப்பு இழுப்பார். அவர் சோம்பேறி அல்லர்; திரும்பிவர முடியாத பாதையில் நடக்கிறோம் என்ற ஞானம் உள்ளவர். கழற்றி மாட்டக்கூடிய முன்குறியின் மகிமை முழுவதும் இந்த இடத்தில்தான் இருக்கிறது. அதனால் துப்பாக்கி அதிகத் துல்லியமாகச் சுடும் என்று சிலர் நம்புகிறார்கள், அது பிரமை. குழல் எவ்வளவு நேர்த்தியோ, தோட்டா எவ்வளவு நேர்த்தியோ, கை எவ்வளவு ஸ்திரமோ அவ்வளவுதான் துல்லியம். மாற்றக்கூடிய தகடு கொடுப்பது ஒன்றே ஒன்று: ஒருமுறை செய்த தீர்மானத்தை ரத்து செய்யும் சுதந்திரம்.

அந்தச் சுதந்திரம் எதற்காக வேண்டியிருக்கிறது என்பதைப் புதிதாக வருகிறவர்களுக்கு விளக்கும்போதெல்லாம் ஒரு விஷயம் அவர்களைத் திகைக்க வைக்கும். கனமான குண்டு தாழ்ந்துதான் போகும் என்று நாம் சாதாரணமாக நினைக்கிறோம். ரிவால்வரில், சமீப தூரத்தில், நடப்பது நேர்மாறு. மருந்து பற்றிக்கொண்ட கணத்திலிருந்தே துப்பாக்கி பின்னுக்கு உதைத்து, பிடி குழலுக்குக் கீழ்ப்பக்கம் இருப்பதால் குழல் முனை மேலே எழத் தொடங்கிவிடுகிறது. கனத்த, மெதுவான குண்டு குழலுக்குள் அதிக நேரம் தங்கி, முனை நன்றாக எழுந்த பிறகு வெளியேறுகிறது. இலேசான, வேகமான குண்டு அதற்கு முன்பே போய்விடுகிறது. ஆகையால் கனத்தது மேலே, இலேசானது கீழே. இந்த எழுச்சிக்கு ஈடுகட்டத்தான் முன்குறி பின்குறியைவிட உயரமாக வைக்கப்படுகிறது. குறி இரண்டையும் சமமாகப் பிடித்துப் பக்கவாட்டிலிருந்து பார்த்தால், பார்வைக் கோட்டுக்குக் குழல் சற்றே தலைகுனிந்து நிற்பது தெரியும். ஒரே .44 மாக்னம் துப்பாக்கியில் ஒருவர் 240 கிரெய்ன் எடையுள்ள குண்டு போடுகிறார், கரடி உலவும் காட்டுக்குப் போகும்போது 300 கிரெய்ன் குண்டு போடுகிறார், கோடையில் பொழுதுபோக்குக்காக மெதுவான .44 ஸ்பெஷல் தோட்டாவையும் போடுகிறார் என்றால், மூன்றுக்கும் ஒரே தகடு சமாதானம் சொல்லாது.

இதைப் பழைய காலத்தவரும் அறிந்தே இருந்தார்கள். பந்தயச் சுடுதலில் ஈடுபட்டவர்களுக்காக 1888 முதல் சில ஆண்டுகள் கோல்ட் கம்பெனி செய்த, சட்டத்தின் முதுகு தட்டையான டார்கெட் ரிவால்வரில், குழல் முனையில் ஒரு பீடம், அந்தப் பீடத்தின் காடியில் திருகாணியால் பிடித்திருக்கும் தகடு என்ற ஏற்பாடு அப்போதே வந்துவிட்டது. சுடுபவர் வெவ்வேறு உயரமுள்ள தகடுகளைக் கையில் வைத்துக்கொண்டு, தோட்டாவுக்கும் தூரத்துக்கும் ஏற்ப மாற்றிக்கொள்ளலாம். 1894-இல் வந்த பிஸ்லி ரிவால்வர், இங்கிலாந்தில் சர்ரே கோட்டத்து பிஸ்லி மைதானத்தின் பெயரையே தாங்கியது. அங்கே நடந்த போட்டிகளின் பொருட்டு அதிலும் இவ்வகைக் குறி வைத்த டார்கெட் மாதிரி உண்டாயிற்று. முதலில் சொன்ன தட்டைமுதுகு ரிவால்வர் ஆயிரத்துக்கும் குறைவாகவே செய்யப்பட்டது. இன்று நாங்கள் புதிதாகக் கண்டுபிடித்ததுபோல் விளம்பரம் செய்துகொள்ளும் வேலைகளில் பாதி, ஹார்ட்ஃபோர்டுத் தொழிலாளிகள் நூறு வருஷத்துக்கு முன்பே செய்து வைத்தவை என்பதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

எங்கள் மாநிலத்தில் இந்தத் தொழிலைப் பற்றிப் பேசுகிறவன் எல்மர் கீத்தின் பெயரைச் சொல்லாமல் தப்ப முடியாது. 1899-இல் பிறந்து 1984-இல் மறைந்த அவர், மாடு மேய்த்தவர், வேட்டைக்கு வழிகாட்டியவர், இறுதியில் சாமன் என்ற ஊரில் வசித்து, எழுத்தையே ஜீவனமாகக் கொண்டவர்; .44 மாக்னம் என்ற தோட்டா 1950-களின் நடுவில் பிறந்ததற்கு அவருடைய விடாப்பிடி ஒரு முக்கிய காரணம். நீண்ட தூரத்துக்கு ரிவால்வரால் சுடும் அவருடைய முறையில் முன்குறிக்குத்தான் பிரதான ஸ்தானம். இலக்கைக் குறியின் தலைமேல் உட்கார வைத்து, தூரத்துக்குத் தகுந்தபடி முன்குறியைப் பின்குறியின் காடிக்கு மேலே எழுப்பிப் பிடிப்பார். எவ்வளவு எழுப்பினோம் என்று கண்ணுக்கு அடையாளம் தெரிவதற்காகத் தகட்டின் முகத்தில் குறுக்கே தங்கக் கம்பிகளைப் பதிக்கச் செய்தார். 600 கெஜத்தில் மானைச் சுட்டேன் என்று அவர் எழுதியதைப் பற்றி இன்றும் காரசாரமாகத் தர்க்கம் நடக்கிறது. அது எப்படியானாலும், குட்டையான, முகம் வளைந்த தகட்டில் அந்த வித்தைக்கு இடமே இல்லை. உயரமான, சதுரமான தகடு வேண்டும். தங்கக் கோடு போட்ட தகடு கேட்டு இன்னமும் என் பட்டறைக்கு ஆட்கள் வருகிறார்கள்.

ரூகர் கம்பெனி 1955-இல் பிளாக்ஹாக் ரிவால்வரை வெளியிட்டபோது பின்குறியைத் திருகித் திருத்தும்படி அமைத்துவிட்டதால், முன்குறியைப் பற்றிய கவலை ஒழிந்தது என்று பலர் எண்ணினார்கள். பெரும்பாலும் ஒழிந்தது என்பதும் உண்மைதான். ஆனால் பின்குறிக்கும் ஓர் அடிமட்டம் உண்டு. கனத்த குண்டு போட்டுச் சுடுகிறவர், பின்குறியைக் கடைசித் திருகு வரையில் இறக்கிய பிறகும் குண்டு மேலேதான் போகிறது என்று முறையிட்டுக்கொண்டு வருவார். குழலோடு நிலையாகப் பொருத்திய முன்குறி அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கும். அதே கம்பெனியிலிருந்து 1993-இல் வந்த வக்கேரோவோ பழைய கோல்ட்டைப் போலவே அசையாக் குறி உடையது. இத்தாலியில் உபெர்ட்டியும் மற்றவர்களும் செய்து அனுப்பும் கோல்ட் நகல்களும் அப்படியே. ஆக வேலைக்குப் பஞ்சமில்லை.

இனி வேலையைப் பற்றி. பார்க்கிறவர்கள் தகட்டைத்தான் பார்க்கிறார்கள். கஷ்டமெல்லாம் பீடத்தில் இருக்கிறது. அடி அகன்று வாய் குறுகிய டவ்டெயில் காடியைக் குழலிலேயே வெட்டித் தகட்டைப் பக்கவாட்டில் தட்டி இறக்கிவிடுவது சீக்கிரமாக முடிகிற காரியம். பிஸ்டல்களில் எல்லோரும் செய்வதும் அதுவே. ஆனால் .45 துளையுள்ள ஒரு சிங்கிள் ஆக்ஷன் குழலின் முனையில் சுவரின் கனம் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு அங்குலம்தான். வழக்கமான காடியின் ஆழம் அதில் பாதிக்கு மேல் தின்றுவிடும். மிச்சமிருப்பது வெடிப்பின் அழுத்தத்தைத் தாங்குமா என்பது ஒரு கேள்வி. தாங்கினாலும், காடி வெட்டிய இடத்தில் உள்துளை மயிரிழை அசைந்தால் துல்லியம் என்னவாகும் என்பது அடுத்த கேள்வி. என் அபிப்பிராயத்தில் மெல்லிய குழலுக்கு டவ்டெயில் ஆகாது. அதைச் செய்து தரச் சொல்லி வற்புறுத்துபவரை வேறு பட்டறைக்குப் போகும்படி மரியாதையாகச் சொல்லிவிடுவேன்.

பற்றவைக்கும் பீடமே நல்லது. அதன் அடிப்பாகம் குழலின் வளைவுக்குச் சரியாகக் குடைந்திருக்க வேண்டும். குழல் முனையில் மை தடவி, பீடத்தை வைத்துத் தேய்த்து எடுத்தால் மை அடிமுழுவதும் சீராக ஒட்டியிருக்க வேண்டும். ஓரங்களில் மட்டும் ஒட்டினால் மறுபடியும் மில்லிங் மெஷினுக்கே போக வேண்டியதுதான். இடைவெளியைப் பற்றாசு நிரப்பிவிடும் என்று நம்பி வேலை செய்தவர்களின் பீடங்கள், ஒருநாள் சுடும்போது கழன்று புல்லில் விழுந்து, அவற்றின் சொந்தக்காரர்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள். வெள்ளிப் பற்றாசு மிகவும் பலமானது. ஆனால் அது உருக 600 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு வேண்டும். அந்தச் சூட்டில் குழலின் நீலமெருகு போய்விடும், துளைக்குள் செதில் படியும், எஃகின் பதமும் கெடலாம். வெள்ளீயத்தோடு சிறிது வெள்ளி கலந்த மிருதுவான பற்றாசு 220 டிகிரிக்கு அருகிலேயே உருகிவிடும். அடி சரியாக உட்கார்ந்திருந்தால் அதன் பிடி போதும், எஃகின் பதத்துக்கும் அபாயமில்லை. புதிதாக மெருகிடப் போகும் குழலானால் வெங்காரம் தடவி வெள்ளிப் பற்றாசு. இருக்கும் மெருகைக் காப்பாற்ற வேண்டுமானால் மிருதுவான பற்றாசு. இதுதான் நான் கைக்கொள்ளும் சம்பிரதாயம்.

பீடத்தின் நடுவில் வெட்டும் காடியில் தகடு இறங்க வேண்டும். கையால் அழுத்தினால் இறங்கி, ஆனால் ஆட்டினால் ஆடாத பொருத்தம் வேண்டும். அதைக் குறுக்கு முளை ஒன்றாலோ சிறு திருகாணி ஒன்றாலோ பூட்டுகிறோம். இங்கே ஒரு சூட்சுமம் உண்டு. துப்பாக்கி பின்னுக்கு உதைக்கும்போது, தகடு தன் ஜடத்தன்மையால் இருந்த இடத்திலேயே இருக்க முயல்கிறது; அதாவது, துப்பாக்கியை அனுசரித்துப் பார்த்தால், அது முன்னுக்கு ஓடப் பார்க்கிறது. ஆகவே தகட்டைத் தடுத்து நிறுத்தும் எஃகுச் சுவர் காடியின் முன்பக்கத்தில் இருக்க வேண்டும். பின்பக்கத்தில் சுவர் வைத்து முன்பக்கத்தைத் திறந்துவிட்ட பீடங்களையும் பார்த்திருக்கிறேன். அவற்றில் உதை முழுவதும் அந்த ஏழை முளையின் தலையில் விழுகிறது. .44 ஸ்பெஷலில் அது பல வருஷம் பொறுத்துக்கொள்ளும். வயோமிங் மாநிலத்தில் ஃப்ரீடம் என்ற ஊரிலிருந்து 1983-இல் ஃப்ரீடம் ஆர்ம்ஸ் கம்பெனி கொண்டுவந்த .454 கஸூல் ரிவால்வரைச் சுட்டுப் பார்த்தவர்களுக்கு, முளை ஏன் வெட்டுப்படும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கம்பெனியார் பின்குறி திருத்தும்படியான தங்கள் ரிவால்வர்களில் முன்தகட்டையும் மாற்றும்படியே செய்து அனுப்புகிறார்கள். அது விவேகமான காரியம்.

பீடத்தைப் பற்றவைப்பதற்கு முன்பே துப்பாக்கியைச் சுட்டுப் பார்த்துவிட வேண்டும். ஏனென்றால் தகட்டை மாற்றினால் மேலும் கீழும்தான் திருத்தலாம். இடமும் வலமும் பீடம் நிற்கும் இடத்தைப் பொறுத்தது. பழைய முறையில், குண்டு இடப்பக்கம் போனால் குழலையே சட்டத்துக்குள் மயிரிழை இறுக்கித் திருப்புவார்கள். வலமரை ஆனபடியால் முன்குறி இடப்பக்கம் சாயும், குண்டு வலப்பக்கம் வரும். வலப்பக்கம் போனால் தளர்த்துவார்கள். பீடத்தைப் புதிதாக வைக்கும்போது அந்தச் சிரமம் தேவையில்லை. கணக்குப் போட்டு, வேண்டிய அளவு தள்ளி வைத்துவிடலாம், சாய்வும் கண்ணுக்குத் தெரியாது. மணல் மூட்டையின்மேல் கையை வைத்து, ஐந்து தோட்டா போட்டுச் சுடுவேன். ஆறு அறை இருக்க ஐந்து ஏன் என்று கேட்பவர்கள் உண்டு. பழைய கோல்ட்டிலும், 1973-க்கு முந்தைய ரூகரிலும், குதிரை இறங்கி நிற்கும் அறையைக் காலியாக வைப்பதே உயிருக்கு க்ஷேமம். குதிரையின்மேல் அடிபட்டால் வெடித்துவிடும். 1973-இல் ரூகர் கம்பெனியார் விசையை அழுத்தும்போது மட்டும் குதிரையின் அடியைக் கடத்தும் சலாகை ஒன்றை இடையே வைத்து அந்த அபாயத்தை நீக்கினார்கள். ஆயினும் எனக்கு ஐந்தே பழக்கமாகிவிட்டது.

தகடுகளின் வடிவத்தைப் பற்றித் தனியே ஒரு புத்தகம் எழுதலாம், சுருக்கமாகச் சொல்கிறேன். சதுரத் தலையும் செங்குத்தான பின்முகமும் உள்ள பாட்ரிட்ஜ் தகடு, சதுரக் காடியின் நடுவில் நின்று இரு பக்கமும் ஒளிக்கீற்றுத் தெரியும்படி இருந்தால், இலக்குத்தாளைச் சுடுவதற்கு அதற்கு மிஞ்சியது கிடையாது. ஆனால் தோல் உறையில் போட்டு எடுக்கிறவருக்கு அதன் கூரிய விளிம்பு உறையைச் சீவிச் சீவி, தோல்தூளைச் சேர்த்துவைக்கும். அவருக்குச் சரிவான தகடே உகந்தது. தகட்டின் முகத்தில் நுண்ணிய குறுக்குக் கோடுகளை வெட்டிவிட்டால் வெயில் பளபளப்பு அடங்கும். வேட்டைக்காரர்கள் விரும்பிக் கேட்கும் தங்கமணியை மட்டும் உருண்டையாக வைக்க நான் சம்மதிப்பதில்லை. சூரியன் வலப்பக்கமிருந்தால் உருண்டை மணியின் வலப்பக்கமே ஒளிரும். கண் அந்த ஒளிப்புள்ளியைக் காடியின் நடுவில் வைத்துக்கொள்ளும். குண்டு இடப்பக்கம் போய்விடும். மணியின் முகத்தைத் தட்டையாக அராவி, வானத்தைச் சற்றே நோக்கும்படி சாய்த்துவிட்டால் ஒளி முகம் முழுவதும் சமமாக நிற்கும்.

வயது போகப்போகக் கண்ணின் சமீபப் பார்வை மங்கும்போது, முதலில் கலங்கிப் போவது இந்தத் தகடுதான். நல்ல சுடுகாரன் கண்ணைக் குவிப்பது இலக்கின்மேல் அன்று, முன்குறியின்மேல். இலக்கு சற்று மங்கினாலும் பாதகமில்லை, முன்குறி மங்கினால் கதை முடிந்தது. முப்பது வயதில் ஆயிரத்தில் 100 பங்கு அகலத் தகட்டை வாங்கிச் சென்றவர், அறுபதுக்கு மேல் 125 பங்கு அகலத்தையும் மஞ்சள் மணியையும் தேடி வருவார். பழைய மாதிரித் துப்பாக்கியானால் இதற்காகக் குழலையே நெருப்பில் காட்ட வேண்டியிருக்கும். பீடம் உள்ளதானால் முளையைத் தட்டி எடுத்து, வேறு தகட்டை இறக்கி, அவர் காப்பி குடித்து முடிப்பதற்குள் கையில் கொடுத்துவிடலாம். இதில் எனக்கு ஒரு சௌகரியமும் உண்டு. 1968-ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் லைசென்ஸ் பெற்றுத் தொழில் செய்கிற நாங்கள், துப்பாக்கி ஓர் இரவு பட்டறையில் தங்கினாலும் ஏட்டில் பதிய வேண்டும். அன்றே திருப்பிக் கொடுத்துவிட்டால் பதியத் தேவையில்லை.

இவ்வளவும் சொன்ன நான், 1940-க்கு முன்பு செய்த, பழுதில்லாத கோல்ட் ஒன்றைக் கொண்டுவந்து பீடம் வைக்கச் சொன்னால் செய்வதில்லை. அதன் பழைய மெருகும் பழைய தகடும் போனால் சேகரிப்பவர்களிடம் அதன் விலை பாதாளத்துக்குப் போய்விடும் என்பது மட்டுமன்று. அப்படிப்பட்ட துப்பாக்கிக்குக் குறியை மாற்றுவதைவிடத் தோட்டாவை மாற்றுவதே நியாயம். பழைய அளவான 250 கிரெய்ன் குண்டைப் போட்டுப் பாருங்கள், பெரும்பாலும் அது தன் குறிக்கே போகும் என்று சொல்லித் திருப்பி அனுப்புவேன். பீடம் வைக்கும் ஆசை இருந்தால் ரூகரிலோ இத்தாலிய நகலிலோ வைத்துக்கொள்ளலாம்.

தகடு செய்கிற சக தொழிலாளிகளிடம் ஒரு வேண்டுகோள். காடிக்குள் மறையும் தகட்டின் அடியில், அதன் உயரத்தையும், எந்தக் கனக் குண்டுக்காக அதைச் செய்தோம் என்பதையும் சிறிய எண்களாகக் குத்தி விடுங்கள். உரிமையாளர் மேஜையறையில் தகடுகளைக் கலந்து போட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்த பிறகு, அவருடைய மகனோ பேரனோ அவற்றை ஒரு டப்பாவில் போட்டு என்னிடம் கொண்டுவருகிறார்கள். ஒன்றிலும் எண் இல்லை. எது எதற்கு என்று கண்டுபிடிக்க ஒவ்வொன்றையும் மாட்டிச் சுட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. எண் குத்துவதற்கு ஆகும் நேரம் ஒரு நிமிஷத்துக்கு மேல் இராது.